ஸ்கிரீன் போன லேப்டாப்: 16,400 ரூபாயா, 5,200 ரூபாயா, வீட்டு டிவியா?

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமி 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021இல் கரை புரண்டே தண்ணீர் போனது. காலியான இடத்துக்கு என் பங்காக நான் ஒன்றைச் சேர்த்தேன்: ஸ்கிரீன் இல்லாத லேப்டாப்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். லாங் பஜாரில் நாலு கடை, குடியாத்தத்தில் ஒரு கைலி வியாபாரி, ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் இரண்டு சின்ன யூனிட். இவர்களுடைய ஜிஎஸ்டி கணக்கெல்லாம் என் லேப்டாப்பில்தான். ஒரு சாயங்காலம் குடியாத்தத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. தோளில் மாட்டிய பை கம்பிக்கும் எனக்கும் நடுவில் நசுங்கியபடியே பள்ளிகொண்டா தாண்டி வந்தது. சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வந்து திறந்தால், இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரோஸும் பச்சையுமாக நெடுக்குக் கோடுகள். வலது கீழ்மூலையில் மை சிந்தியதுபோல ஒரு கறுப்பு. அன்று தேதி 17.

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற வரி ரிட்டர்னுக்குக் கெடு 20ஆம் தேதி. தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய். கட்ட வேண்டிய வரி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. அந்தப் பணம்கூடப் பரவாயில்லை. "இன்னா நைனா, லேட் ஃபீ கட்ட வெச்சுட்டியே" என்று கைலிக்காரர் கேட்பாரே, அதை நினைத்துத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை மூன்று இடத்தில் விசாரித்தேன். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வரியோடு 16,400 ரூபாய், ஏழிலிருந்து பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். ஆற்காடு ரோட்டில் ஒரு கடையில் 9,000. கூடவே, "மதர்போர்டும் பாக்கணும் சார், அது தனி" என்று ஒரு கொக்கி. காட்பாடியில் ஒரு கடையில் 5,500, "பேனல் கீதுன்னா இன்னிக்கே, இல்லன்னா நாளைக்கு." பேனல் என்றால் மூடிக்குள் இருக்கும் ஸ்கிரீன் தகடு. லேப்டாப்போ 2021இல் 46,000 கொடுத்து வாங்கியது. ஒரே கோடு, ஒரே கறுப்பு, மூன்று விலை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆளுக்கொரு பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது.

விலைக்குப் போகும் முன், போனது எது என்று நாமே பார்த்துவிட வேண்டும். இதற்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். முதலில் ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்பை வீட்டு டிவியோடு இணையுங்கள். விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் படத்தை எங்கே காட்டுவது என்று ஒரு பட்டியல் வரும். டிவியில் படம் சுத்தமாகத் தெரிந்தால், மதர்போர்டில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பக்கம் பெரிய பழுது இல்லை. கோளாறு பேனலிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். டிவியிலும் அதே கோடுகள் வந்தால் கதை வேறு. பேனல் மாற்றிப் பயனில்லை.

அடுத்து, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் சரியாகி, இன்னொரு கோணத்தில் மினுக்கினால் ஹிஞ்ச், அதாவது மூடியின் கீல் வழியாகப் போகும் கேபிள்மீது சந்தேகப்படலாம். அது தளர்ந்திருந்தால் கழற்றி மாட்டினாலே தீரும். அறுந்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டும். அதுவும் பேனல் விலையில் ஒரு சிறு பங்குதான். ஸ்கிரீன் முழுக்க இருட்டாக இருந்தால் அறையின் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்னாலிருக்கும் வெளிச்சம்தான் வரவில்லை. அது பேனலிலும் இருக்கலாம், கேபிளிலும் இருக்கலாம், மதர்போர்டில் உள்ள சின்ன ஃபியூஸாகவும் இருக்கலாம். கோடுகள் என்றால், லேப்டாப் ஆன் ஆகும்போதே பயாஸ் என்கிற, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் செட்டிங் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் கோடு இருந்தால் விண்டோஸையோ டிரைவரையோ குறை சொல்ல வேண்டாம். டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: டி எழுத்தை அழுத்திப் பிடித்தபடியே பவர் பொத்தானை அழுத்தினால் ஸ்கிரீன் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒவ்வொரு நிறமாக நிரப்பிக் காட்டும்.

என்னுடையதில் டிவியில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மூடியை அசைத்தால் மாற்றமில்லை. பயாஸிலும் அதே கோடு. கறுப்புக் கறை வேறு இருந்ததால் உள்ளே கண்ணாடி விரிசல் விட்டுத் திரவம் பரவியிருக்கிறது என்று உறுதியானது. நெடுக்குக் கோடுகள் பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன்கள் விட்டுப்போவதால் வருவது. அதை ஒட்டிச் சரிசெய்கிற வேலையெல்லாம் சாதாரணக் கடையில் நடக்காது. பேனலே மாற வேண்டும். ஆற்காடு ரோடு கடைக்காரர் சொன்ன மதர்போர்டு இதிலேயே அடிபட்டுப் போயிற்று. லேப்டாப்பைத் திறக்காமல், டிவியில் போட்டும் பார்க்காமல் மதர்போர்டு என்று சொல்பவரிடம் என் லேப்டாப்பைக் கொடுக்க மாட்டேன்.

சரி, சர்வீஸ் சென்டரின் 16,400 எதற்கு? கம்பெனி பேனல், வேலைக்கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி, மாற்றிய பாகத்துக்கு உத்தரவாதம் எல்லாம் அதில் உண்டு. சில மாடல்களில், முக்கியமாக டச் ஸ்கிரீனும் ஒல்லி மூடியும் உள்ளவற்றில், பேனலைத் தனியாக மாற்ற மாட்டார்கள்; மூடி, ஹிஞ்ச், கேமரா எல்லாமாக மேல்பாதியையே மாற்றுவார்கள். அப்போது விலை இதையும் தாண்டும். இங்கே முதலில் கேட்க வேண்டியது வாரண்டி. அடிபடாமல் தானாகவே கோடு விழுந்திருந்து, வாரண்டி காலமும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேராக அங்கேதான். சாதாரண வாரண்டியில் உடைந்ததும் நசுங்கியதும் சேராது. வாங்கும்போதே விபத்துப் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் உண்டு. பில்லைத் தேடிப் பாருங்கள். கடைக்காரர் சொன்னார் என்று அதைச் சேர்த்து வாங்கிவிட்டு மறந்துபோனவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

எனக்குச் சர்வீஸ் சென்டர் ஒத்துவராததற்குப் பணம் பாதிக் காரணம், நாள் பாதிக் காரணம். பத்து வேலை நாள் என்றால் 20ஆம் தேதி எப்போதோ போயிருக்கும். அதைவிட, ஆறேழு வியாபாரிகளின் கணக்கு உள்ள லேப்டாப்பைப் பத்து நாள் முகம் தெரியாதவர்களிடம் விட மனசு வரவில்லை. உள்ளே இருக்கும் டேட்டாவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்டார்கள். பேனல் மாற்ற பாஸ்வேர்டு தேவையே இல்லை. பயாஸ் திரையிலேயே சோதித்துவிடலாம். எந்தக் கடையிலும் பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்காதீர்கள்.

உள்ளூர்க் கடைதான் இந்த ஊரில் அதிகம் பேர் போகும் வழி. காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழக மாணவர் கூட்டம் இருப்பதால் லேப்டாப் பழுது பார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கை பழகிய பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் "பேனல் மாத்த எவ்ளோ?" என்று மட்டும் கேட்டால் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 15.6 இஞ்ச் என்பது அளவு மட்டும்தான். அதே அளவில் 1366க்கு 768 புள்ளிகள் உள்ளதும் இருக்கிறது, 1920க்கு 1080 உள்ள ஃபுல் எச்டியும் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிப்போகும் டிஎன் வகை ஒன்று, எந்தப் பக்கம் பார்த்தாலும் மாறாத ஐபிஎஸ் வகை ஒன்று. கனெக்டரில் 30 பின், 40 பின் என்று இரண்டு. சாதாரண 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்களில் 30 பின்தான் பெரும்பாலும். டச் உள்ளதிலும் வேகமான கேமிங் ஸ்கிரீன்களிலும் 40 பின் வரும். மூடியோடு பொருத்த ஓரத்தில் காது வைத்த பேனலும் உண்டு, காது இல்லாததும் உண்டு. ஃபுல் எச்டி ஐபிஎஸ் இருந்த இடத்தில் மலிவான 768 டிஎன் பேனலை மாட்டினால் படம் வரும், பில்லும் குறையும். எக்செல் ஷீட்டில் முன்பு தெரிந்த வரிசைகளில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி பேனல் நம்பர். பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே என்று தயாரித்த கம்பெனி பெயரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மாடல் நம்பரும் அதில் இருக்கும். லேப்டாப்பின் வெளிமூடியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே பேனல் இப்படிப்பட்ட சில கம்பெனிகளிடமிருந்துதான் வருகிறது. ஒரே லேப்டாப் மாடலில்கூட ஒரு லாட்டில் ஒரு கம்பெனி பேனலும் அடுத்த லாட்டில் வேறொன்றும் இருக்கலாம். எனவே லேப்டாப் மாடலைச் சொல்லி விலை கேட்பதைவிட, ஃபிரேமைக் கழற்றச் சொல்லி ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கேட்பது நல்லது.

காட்பாடிக் கடைத் தம்பி அதைத்தான் முதலில் செய்தான். நான் கேட்காமலே கழற்றிக் காட்டினான். "அண்ணே, உங்களுது ஃபுல் எச்டி ஐபிஎஸ், 30 பின். எங்கிட்ட இதே கம்பெனி கீது, புதுசு. வேற கம்பெனி வேணும்னா ஆயிரம் கம்மி, ஆனா கலர் கொஞ்சம் மஞ்சளா வரும்." எனக்கு அங்கேயே பாதி முடிவு ஆகிவிட்டது. பழைய பேனலைத் துடைத்து, மேலே புது ஃபிலிம் ஒட்டி விற்பதும் சந்தையில் நடக்கிறது என்பதையும் அவன்தான் சொன்னான். மாட்டியதும் வெள்ளை, கறுப்பு இரண்டு படத்தையும் முழுத்திரையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையில் செத்த புள்ளியும் மஞ்சளும் தெரியும். கறுப்பில், கடையின் விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்த்தால், ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரியும். பிரைட்னஸைக் குறைத்துக் கூட்டிப் பாருங்கள். சில பொருந்தாத பேனல்களில் அது வேலை செய்யாது. பில்லில் பேனல் நம்பரும் உத்தரவாத மாதமும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் 500 குறைப்பேன் என்றால் அந்த 500 வேண்டாம். நாளைக்குத் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசவும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கவும் அந்த ஒரு தாள்தான் கையில் இருக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போ என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். என் மைத்துனன் சொன்னான். காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிவிடலாம். சென்ட்ரலிலிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். பேனல் அங்கே மலிவு, பல கம்பெனி கிடைக்கும். ஆனால் டிக்கெட், சாப்பாடு, ஆட்டோ, ஒரு நாள் கூலி எல்லாம் கழித்தால் மிச்சம் எனக்குச் சில நூறுதான் வந்தது. அதோடு, மாட்டிய பேனல் பத்து நாளில் மினுக்கினால் மறுபடி 130 கிலோமீட்டர் போக வேண்டும். இங்கே கிடைக்காத விசித்திர மாடல், டச் ஸ்கிரீன், கேமிங் பேனல் என்றால் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஆன்லைனில் பேனல் வாங்கி நாமே மாட்டுவது பற்றி நீளமாகப் பேச ஆசை, ஏனென்றால் எனக்கு அந்தக் கை அரிப்பு உண்டு. நான் பார்த்தபோது என் பேனல் நம்பருக்கு 3,700 ரூபாய் போட்டிருந்தார்கள். வேலையும் பிரமாதமில்லை: ஓர ஃபிரேமைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி, பேனலை முன்னால் சாய்த்து, கனெக்டரைக் கழற்றி மாட்டுவது. ஆபத்து இரண்டு இடத்தில். ஒன்று, பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் கனெக்டரைத் தொட்டால் மதர்போர்டில் உள்ள வெளிச்ச ஃபியூஸ் போகலாம். காசு மிச்சம் பிடிக்கப் போய் மதர்போர்டு ரிப்பேருக்குப் போகும். பேட்டரி உள்ளே இருக்கும் இப்போதைய லேப்டாப்களில் அதற்கு அடிமூடியையும் கழற்ற வேண்டும். இன்னொன்று, கூரியரில் விரிசலோடு வந்தால் யார் பொறுப்பு என்ற வாக்குவாதம். பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். பழைய, பேட்டரியை வெளியிலேயே கழற்றக்கூடிய லேப்டாப்பாக இருந்து, அவசரமும் இல்லையென்றால் நானே செய்திருப்பேன். 18ஆம் தேதி செய்யவில்லை.

டிவி வழிதான் எனக்கு உயிர்ப்பிச்சை. அன்று மத்தியானமே லேப்டாப்பை ஹாலில் டிவிக்கு அடியில் வைத்து, வயர் இல்லாத மவுஸோடு சோபாவில் உட்கார்ந்தேன். முதலில் எக்செல் எழுத்தெல்லாம் கொழகொழவென்று இருந்தது, ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. டிவி செட்டிங்கில் படத்தைத் திரைக்கு அப்படியே பொருத்தும் வசதியைப் போட்டு, பிசி மோடுக்கு மாற்றியதும் இரண்டும் சரியாயின. மூன்று ரிட்டர்ன் முடித்தேன். ஏழு மணிக்கு "ஏங்க, சீரியல் ஆரம்பிச்சுடும்" என்று குரல் வந்தது. அத்தோடு ஆபீஸ் மூடியாயிற்று. வீட்டை விட்டு நகராத லேப்டாப்புக்கு இது நிரந்தர வழியாகவே ஆகும். டிவிக்குப் பதில் 22 இஞ்ச் மானிட்டர் ஒன்றை வாங்கினால் பேனல் செலவைவிடக் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் லேப்டாப் செத்தாலும் மானிட்டர் மிஞ்சும். என் அண்ணனிடம் 2015இல் வாங்கிய லேப்டாப் ஒன்று இதே மாதிரி ஸ்கிரீன் போய்க் கிடந்தது. அதற்கு 5,000 ரூபாய்ப் பேனல் தண்டம் என்று சொல்லி மானிட்டரைத்தான் வாங்க வைத்தேன். ராணிப்பேட்டையில் அவர் கடையின் கல்லாப்பெட்டி ஓரத்தில் அது இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒத்துவராது, நான் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் இருப்பவன்.

மிச்சமிருப்பது, இதைத் தள்ளிவிட்டு வேறு வாங்குவது. ஸ்கிரீன் போன லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் விலை படுபாதாளத்துக்குப் போகும். எனக்குச் சொன்னது 4,000. பேனல் மாற்றிய பிறகு கொடுத்தால் மூன்று மடங்கு கிடைக்கும் என்று அதே கடைக்காரர் சொன்னதுதான் வேடிக்கை. செகண்ட் ஹேண்ட் என்றால், கம்பெனிகளிலிருந்து வெளியே வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் கெட்டியானவை. வாங்குவதானால் இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு நின்றது. எட்டாம் தலைமுறைக்குக் கீழான இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. நம் கையில் இருப்பது ஏழாம் தலைமுறையா என்பதையும் இதே அளவுகோலில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் பேட்டரியும் ஹிஞ்சும் சேர்ந்து தள்ளாடினால், ஸ்கிரீனுக்குச் செலவு செய்வது இடிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான்.

என்னுடையது பதினோராம் தலைமுறை. விண்டோஸ் 11 ஓடுகிறது, ஹிஞ்ச் கெட்டி, பேட்டரி மட்டும் ஒன்றரை மணி நேரம்தான். இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம் என்று வைத்துக்கொண்டால் உள்ளூர்ப் பேனல் செலவு மாதத்துக்கு 150 ரூபாய்க்குள் அடங்குகிறது. சர்வீஸ் சென்டர் கணக்கில் அது 450 தாண்டும். நான் கணக்குக்காரன், எதையும் மாதத்தால் வகுத்துப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. இந்தத் தடவை அந்த வியாதி உதவியது.

19ஆம் தேதி காலை காட்பாடிக்குப் போனேன். 5,500 என்றவன் பேரத்தில் 5,200க்கு வந்தான், பில்லோடு, ஆறு மாத உத்தரவாதம் எழுதி. நாற்பது நிமிஷம் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பேட்டரியைத்தான் கழற்றினான். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை இரண்டிலும் குறையில்லை. புது பேனல் பழையதைவிடக் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது. ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது. கைலிக்காரர் ரிட்டர்ன் அன்று ராத்திரி பத்து மணிக்குப் போயிற்று, அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

உடைந்த பேனலையும் கேட்டு வாங்கி வந்தேன். முதுகில் இருந்த நம்பரை ஒரு சின்னத் தாளில் எழுதி, லேப்டாப்பின் அடியில் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பஸ்ஸில் இப்போது பையை முன்பக்கமாக, குழந்தையைத் தூக்குவதுபோல மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்டக்டர் ஒருமுறை சீட்டுக் கொடுத்துக்கொண்டே, "இன்னா சார், உள்ள இன்னா கீது?" என்று கேட்டார்.